அரிசி மூட்டையில் உட்கார்ந்த படகு

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், கிளென்ஃபீல்டில் லிங்கேஸ்வரன் வீடு வாங்கியபோது படகும் கூடவே வந்தது. அவர் கேட்டு வந்ததல்ல. சாவியைக் கொடுக்க வந்த வெள்ளைக்காரக் கிழவர், டிரைவ்வே ஓரத்தில் டிரெய்லர்மீது நீலநிறப் படங்கு போர்த்திக் கிடந்ததைக் கையால் காட்டி, இதைக் கொண்டுபோக எனக்கு வழியில்லை, டிரெய்லர் நல்ல டிரெய்லர், படகை மட்டும் தண்ணீரில் இறக்கிவிடாதே என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஏன் இறக்கக்கூடாது என்பதை லிங்கேஸ்வரன் அன்று மாலையே தரையில் படுத்து அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். படகின் இடது அடிவயிற்றில், ஒரு தேங்காய் நுழையக்கூடிய ஓட்டை. எந்தக் காலத்திலோ ஏதோ பாறையில் மோதியிருக்க வேண்டும். விளிம்பெல்லாம் பச்சைப்பாசி பிடித்துக் கிடந்தது. டிரெய்லரின் பக்கத் தாங்கி சரியாக அந்த இடத்தில் அண்டி நின்றதால், படுத்துத் தேடுகிறவனுக்குத்தான் அது தெரியும். ஆக்லாந்துத் தமிழர்களில் அடுத்தவன் வீட்டு டிரைவ்வேயில் படுத்துத் தேடுகிறவர் எவரும் இல்லை.

கொழும்பில் வருமானவரித் திணைக்களத்தில் மேசை, மின்விசிறி, கூப்பிடுமணி சகிதம் இருந்தவர் லிங்கேஸ்வரன். மணியை அடித்தால் ஒருவன் தேத்தண்ணீரோடு வருவான். ஐம்பது வயதுக்கு மேல் ஆக்லாந்துக்கு வந்தவருக்கு ஒரு மளிகைச் சாமான் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை கிடைத்தது. அங்கே மணி அடித்தால் அவர்தான் ஓட வேண்டும். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் இருந்தது தமிழ்ச் சங்கம்தான்.

சங்கம் மாதம் ஒருமுறை சான்ட்ரிங்ஹாமில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடும். அங்கே யார் எங்கே உட்காருவது என்று சங்கத்தின் எந்தச் சட்டவிதியிலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எவரும் மீறியதில்லை. முன்வரிசை டொக்டர்மாருக்கு. அதற்குப் பின்னால் பொறியியலாளர்கள். அவர்களுக்கும் பின்னால் கணக்காளர்கள். கம்ப்யூட்டர்காரர்கள் அப்போதுதான் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. மற்றவர்களுக்கு இருக்கை என்று ஒன்று கிடையாது. அவர்கள் கூட்டம் தொடங்குமுன் கதிரைகளை அடுக்கினார்கள், முடிந்தபின் கதிரைகளை எடுத்தார்கள், இடையில் சுவரோரம் நின்றார்கள். லிங்கேஸ்வரன் மற்றவர்களில் ஒருவர்.

சங்கத் தலைவர் டொக்டர் இரத்தினசிங்கம். ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து கொடுக்கிறவர். கூட்டங்களில் பேசும்போதும் அதே வேலையைத்தான் செய்தார். அவர் ஒருநாள் நன்கொடை விஷயமாகக் கிளென்ஃபீல்டுக்கு வந்தவர், டிரைவ்வேயில் படகைக் கண்டதும் காரைவிட்டு இறங்காமலே அசந்துபோனார். அதுவரை லிங்கேஸ்வரனை அவர் பெயர்சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயர் தெரிந்திருந்ததா என்பதே சந்தேகம்.

"லிங்கேஸ், நீர் கடலுக்குப் போறனீரோ?" என்று கேட்டார்.

லிங்கேஸ் என்ற அந்த ஒரு சொல்லில் மனுஷன் கிறங்கிவிட்டார். இல்லை டொக்டர், இது ஓட்டைப் படகு, வீட்டோடு சேர்ந்து வந்த குப்பை என்று சொல்லியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். அவர் சொன்னது வேறு.

"ஓம் டொக்டர். சனிக்கிழமையில கொஞ்சம் போறனான்."

அடுத்த மாதக் கூட்டத்தில் அவருக்குக் கணக்காளர்கள் வரிசையில் ஒரு கதிரை தயாராக இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ கதிரைகளில் உட்கார்ந்திருக்கிறார். தன் கையால் அடுக்காத ஒரு கதிரையில் அந்த மண்டபத்தில் உட்கார்ந்ததுதான் அவருக்குப் பதவி உயர்வாகத் தெரிந்தது. ஆனால் கடலுக்குப் போகிறவன் வெறுங்கையோடு திரும்ப முடியாதே. எங்களுக்கும் கொஞ்சம் மீன் கண்ணில காட்டலாமே என்று தலைவரின் மனைவி சிரித்துக்கொண்டே கேட்டுவைத்தாள். அன்று பிடித்தது சனி.

ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிந்ததும் விடியாததுமாகக் காரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி, நகரத்தின் மறு கோடியிலிருக்கிற ஒடாஹுஹுவுக்குப் போவார். சங்கத்து ஆட்கள் எவரும் வந்துபோக வாய்ப்பில்லை என்று அவராகவே நம்பிக்கொண்ட ஒரு மீன்கடை அங்கே இருந்தது. முழு ஸ்னாப்பர் மீன்களாகப் பொறுக்குவார். கடைக்காரன் பழக்கதோஷத்தில் கத்தியை எடுத்தால் பதறிப்போய்த் தடுப்பார். கடலிலிருந்து நேரே வந்த மீன் குடலோடுதானே இருக்க வேண்டும்? கத்தி பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது அவர் கணக்கு. பிறகு கடைக்குப் போட்டுப்போன பெரிய துணித்தொப்பியோடு, காலில் ரப்பர் கம்பூட்சும் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். ரங்கிட்டோட்டோத் தீவுக்குப் பின்பக்கம் போட்டேன், ஒரே இழுவை, தூண்டிலே வளைந்துபோய்விட்டது என்பார். யாராவது ஒருநாள் கூட வரட்டுமா என்று கேட்டால் எஞ்சின் சேவிஸுக்குப் போயிருக்கும், அல்லது காற்று மாறியிருக்கும். வற்புறுத்திக் கேட்டவரும் கிடையாது. குளிரில் எழும்பிக் கடலுக்குப் போவதைவிட வாசலுக்கு வருகிற மீன் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஓராண்டுக்குள் அவர் போட் லிங்கம் ஆகிவிட்டார்.

மனைவி விக்னேஸ்வரி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். வாய் காரமானவள், ஆனால் வெளியார் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்காதவள். அந்தக் கெட்ட குணத்தால் அவளும் இந்தப் பொய்க்குப் பங்காளியானாள். வாங்குகிற மீனெல்லாம் ஊருக்குப் போய்விடும். வீட்டில் பருப்பும் கருவாடும்தான். ஊர் முழுக்கத் தெரிந்த மீன்காரனுக்கு நான் கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம் லிங்கேஸ்வரன் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முருகன் குறுக்கே வந்தார்.

ஆடி மாதம் சங்கம் மண்டபத்தில் முருகனுக்கு ஒரு திருவிழா எடுக்கும். சாமி வீதிவலம் வரவேண்டும். வீதி தரமாட்டார்கள் என்பதால் பள்ளிக்கூட மைதானத்தை வலம் வருவார். முந்தைய வருஷம் அவரைச் சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்றில் பட்டுக்கட்டி ஏற்றினார்கள். வண்டியின் ஒரு சக்கரம் மட்டும் தனக்குப் பிடித்த திசையில் போக, முருகன் வள்ளி தெய்வானையோடு ரக்பி கம்பத்தில் போய் முட்டினார். இந்த முறை ஒழுங்கான சப்பறம் வேண்டும் என்று பேச்சு எழுந்ததும் தலைவர் எழுந்து, எங்கள் லிங்கேஸிடம் டிரெய்லர் இருக்கிறதே என்றார். மண்டபமே கைதட்டியது. தட்டாமல் இருந்த இரண்டு கைகள் லிங்கேஸ்வரனுடையவை.

டிரெய்லர் வேண்டுமென்றால் படகை இறக்க வேண்டும். படகை இறக்கினால் பக்கத் தாங்கி விலகும். தாங்கி விலகினால் ஓட்டை தெரியும். ஓட்டை தெரிந்தால் இத்தனை வருஷ ஸ்னாப்பரும் எங்கிருந்து வந்தது என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். மறுபடி சுவரோரம். மறுபடி கதிரை அடுக்குதல். டயர் பழசு என்று சொல்லிப் பார்த்தார். ஒரு பொறியியலாளர் டயர் தருகிறேன் என்றார். அச்சு துருப்பிடித்துவிட்டது என்றார். இன்னொருவர் கிறீஸ் டப்பாவோடு வருவதாகச் சொன்னார். படித்தவர்கள் கூடிய சபையில் சாக்குச் சொல்வதில் இதுதான் கஷ்டம், ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு பட்டதாரி இருப்பான். போதாக்குறைக்கு, உம்மிடம் கராஜும் இருக்கிறது என்று அன்னதானத்துக்கான அரிசி மூட்டைகளையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

படகு இறக்க நாள் பார்த்தார்கள். வானிலை அறிக்கையை எவரும் பார்க்கவில்லை; பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்த சுபநேரத்தை ஆக்லாந்துக் குளிர்காலத்துக்குப் பொருத்தலாமா என்று கேட்ட ஒரே ஆள் சுந்தரமூர்த்தி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர்காரன், வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டான். செயற்குழுவில் ஓடியாட ஒரு ஆள் வேண்டுமென்று அவனைச் சேர்த்திருந்தார்கள். சங்கத்தில் எந்த வேலைக்கும் முதல் ஆளாகக் கையைத் தூக்குவான். அதனாலேயே அவனை எவரும் மதிப்பதில்லை. அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

குறித்த ஞாயிறன்று கார்கள் வந்து கிளென்ஃபீல்டுத் தெருவை அடைத்தன. கொங்கிரீட் கற்கள் ஏற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தோட்டத்துக்கென்று வைத்திருந்த பழைய ரயில்பாதைச் சிலிப்பர்க் கட்டைகளைக் கொடுத்துவிட்டு, வேலிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்றார். ஆனால் வேலை தொடங்குமுன் ஒரு கூட்டம் நடந்தது. நாங்கள் தமிழர், கூட்டம் போடாமல் ஒரு ஆணியையும் பிடுங்கமாட்டோம். டிரைவ்வேயில் நின்றபடியே தலைவர் வரவேற்புரை நிகழ்த்த, படகுக்கு விபூதி பூசி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

உண்மையில் இது பெரிய வித்தையே அல்ல. டிரெய்லரின் மூக்கைத் தரைவரை தாழ்த்தினால் படகின் பின்புறம் தானாக மேலே எழும். எழுந்த இடத்தில் இரண்டு பக்கமும் கற்களை அடுக்கி, குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, மூக்கை மறுபடி உயர்த்தினால் பின்புறம் அந்தக் கட்டையில் உட்கார்ந்துவிடும். பிறகு டிரெய்லரைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, முன்புறத்தையும் ஜாக்கியால் தூக்கி அதேபோல முட்டுக்கொடுத்தால், டிரெய்லரை வெறுமையாக உருவி எடுத்துவிடலாம். இதை அவர்களும் கண்டுபிடித்தார்கள். ஒருவர் கல்லை நிமிர்த்தி வைக்கச் சொன்னார், ஒருவர் படுக்கவைக்கச் சொன்னார், ஒருவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். தூக்கியது என்னவோ சுந்தரமூர்த்திதான்.

பின்புறம் கட்டையில் உட்கார்ந்தது. டிரெய்லர் ஒரு முழம் நகர்ந்தது. லிங்கேஸ்வரன் படகின் இடது பக்கத்தைவிட்டு அசையவில்லை. தாங்கி இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் ஓட்டை வெளியே வந்துவிடும். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவோமே என்றார். சுபநேரம் போகிறது என்றார்கள்.

அப்போதுதான் படகு சரியாமல் இருக்கப் பக்கங்களுக்கு எதை வைப்பது என்ற வாதம் பிறந்தது. கல் வைத்தால் கீறும். கட்டை வைத்தால் வளைவுக்குப் பொருந்தாது. பொறியியலாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். சுந்தரமூர்த்தி கராஜைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அரிசி மூட்டை வச்சா என்ன சார்? படகோட வளைவுக்கு ஏத்த மாதிரி அமுங்கி உக்காந்துக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சாமி அரிசியைப் படகுக்கு முட்டுக்கொடுப்பதா என்று ஒருவர் கோபித்தார். லிங்கேஸ்வரனுக்கு முருகனே பையன் வாயால் பேசியது போல இருந்தது. மெத்தென்று அமுங்குகிற மூட்டை, கீழே தொடங்கி மேலேவரை மூடுகிற மூட்டை, ஓட்டையை அப்படியே விழுங்கிக்கொள்ளும்.

"தம்பி சொல்லுறதுதான் சரி. கடல்ல போறவன் நான் சொல்லுறன், மூட்டைதான் வைக்க வேணும்," என்றார்.

கடலில் போகிறவன் சொன்னால் எதிர்ப்பேச்சு உண்டா? சங்கத்தில் தன் பேச்சை ஒருவர் ஆமோதித்தது சுந்தரமூர்த்திக்கு அதுவே முதல் தடவை. அவன் லிங்கேஸ்வரனைப் பார்த்த பார்வையில் நன்றி வழிந்தது. லிங்கேஸ்வரன் அதைக் கவனிக்கவில்லை. அவர் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் ஊர்ந்துகொண்டிருந்தார். டிரெய்லர் நகர நகர, தாங்கி விலக விலக, அந்த இடத்தைத் தன் தோளால் மறைத்து மூட்டையை உள்ளே திணித்தார். வலது பக்கத்துக்கும் ஒரு மூட்டை. டிரெய்லர் வெறுமையாக வெளியே வந்தது. படகு கல்லிலும் கட்டையிலும் அரிசியிலுமாக அசையாமல் உட்கார்ந்தது. தரையில் உருண்டு சேறாகி எழுந்தவரின் முதுகில் தலைவர் தட்டி, கடல்காரன் கை கடல்காரன் கைதான் என்றார். லிங்கேஸ்வரன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடக்கமாகச் சிரித்தார்.

அன்று மாலை மழை பிடித்தது. வாரம் முழுக்கப் பெய்தது. திருவிழா அன்று மட்டும் வானம் கொஞ்சம் வெளித்தது. டிரெய்லர்மீது பலகை அடித்து, தென்னோலைக்குப் பதிலாகப் பன்னம் என்கிற பெரணி இலை கட்டி, முருகன் ஒரு தடையுமில்லாமல் மைதானத்தைச் சுற்றினார். ஒலிபெருக்கியில் லிங்கேஸ்வரனின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார்கள். மனுஷன் நெகிழ்ந்துபோய்ச் சாமி முன்னால் கண்ணை மூடி நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று விக்னேஸ்வரிக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு படகை மறுபடி டிரெய்லரில் ஏற்றவேண்டும். அதே கூட்டம், அதே கார்கள். முன்புறத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். வலதுபக்க மூட்டை சரிந்து விழுந்தது. இடதுபக்க மூட்டை விழவில்லை. படகு மேலே எழ, மூட்டையும் கூடவே எழுந்து, பசுவின் மடியைப் பிடித்த கன்றுபோலத் தொங்கியது. எல்லோரும் வாய்பிளந்து பார்த்தார்கள். நடந்தது இதுதான்: படங்கின் கிழிசல்வழியாகப் படகுக்குள் நிறைந்த மழைத்தண்ணீர் ஓட்டைவழியாக இறங்கி மூட்டையை நனைத்திருக்கிறது, ஓட்டையின் கூர்விளிம்பு சாக்கைக் கிழித்திருக்கிறது, ஊறிப் பெருத்த அரிசி போக இடமில்லாமல் ஓட்டைக்குள்ளேயே ஏறி இறுகியிருக்கிறது. லிங்கேஸ்வரன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். பொதக்கென்று மூட்டை கழன்றது. புளித்த நாற்றம் டிரைவ்வேயை நிறைத்தது. வெள்ளைவெளேரென்ற கூழ் வழிகிற ஓட்டை அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் நின்றது.

லிங்கேஸ்வரன் சாகத் தயாராக நின்றார்.

அப்போது சுந்தரமூர்த்தி, முகம் வெளிறி, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, என்னாலதான்," என்றான்.

மூட்டை வைக்கச் சொன்னவன் அவன். அரிசி ஊறிப் பெருத்து, அதன் அழுத்தத்தில் படகு உடைந்துவிட்டது என்று அந்த அப்பாவி உண்மையாகவே நம்பிவிட்டான். தலைவர் ஓட்டையைப் பார்த்தார். பாசி பிடித்த விளிம்பைப் பார்த்தார். லிங்கேஸ்வரனைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அரிசி ஊறினால் மூன்று மடங்கு பெருக்கும் என்பது விஞ்ஞானம் என்றார். பொறியியலாளர் ஒருவர் அழுத்தத்தைக் கணக்குப் போட்டு, உடைவது இயல்புதான் என்றார். இன்னொருவர், அனுபவமில்லாத பிள்ளைகளின் பேச்சைக் கேட்டால் இப்படித்தான் என்று பெருமூச்சு விட்டார்.

லிங்கேஸ்வரன் வாயைத் திறந்தார். ஒரு சொல் போதும். பையன் தப்பித்துவிடுவான். விக்னேஸ்வரி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பதிலுக்கு, கடற்கரையில் தானம் கொடுக்கிறவர் போலக் கையை அகட்டி, "பரவாயில்லைத் தம்பி. தெரியாமச் செய்ததுதானே," என்றார்.

சுந்தரமூர்த்தி அழுதுவிட்டான். அவருடைய பெருந்தன்மையைப் பார்த்து மற்றவர்களுக்கும் கண் கலங்கியது போலத்தான் இருந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் லிங்கேஸ்வரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். திருவிழாவுக்காகத் தன் படகையே இழந்த தியாகி என்று தலைவர் பேசினார். டிரெய்லரைச் சங்கத்துக்கே தருவதாக லிங்கேஸ்வரன் அறிவித்தார்; கைதட்டல் ஓயவில்லை. பொறியியலாளர்களுக்கும் முன்னால், டொக்டர்மாரின் வரிசை ஓரத்தில் அவருக்கு இடம் போட்டிருந்தார்கள். சுந்தரமூர்த்தியைச் செயற்குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து பொன்னாடையோடு வெளியே வரும்போது, அவன் சுவரோரத்திலிருந்து வந்து கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை அவர் கண்டார். கண்டும் காரை நோக்கி நடந்தார்.

அவர் வாழ்வில் அதைவிட நிம்மதியான நாட்கள் வந்ததில்லை. படகு உடைந்துவிட்டது, இனி மீன் இல்லை, எவரும் கேட்கவும் முடியாது. சனிக்கிழமைகளில் வெயில் ஏறும்வரை தூங்கினார். விக்னேஸ்வரி அவரோடு கதைப்பதை மிகவும் குறைத்துக்கொண்டதை அமைதி என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலை வாசல்மணி அடித்தது. சுந்தரமூர்த்தி நின்றான். வலதுகையை உடம்பைவிட்டு எட்ட நீட்டி, விரல் நுனியில் ஒரு பொலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மீன் கொண்டு வந்திருக்கேன் அங்கிள். என்னாலதானே உங்களுக்கு மீன் இல்லாமப் போச்சுன்னு வாங்கப் போனேன்."

"நீர் சைவமெல்லோ தம்பி."

"ஆமா அங்கிள். மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கடைக்குள்ள போனேன். ஒடாஹுஹுல என் ரூம் பக்கத்துல ஒரு கடை. யாருக்குன்னு கடைக்காரர் கேட்டார். கிளென்ஃபீல்டுல இருக்கற ஸ்ரீலங்கா அங்கிளுக்கு, பெரிய தொப்பி போட்டிருப்பார்னு சொன்னேன். உடனே குடலை எடுக்காமக் கட்டிக் குடுத்துட்டார். நீங்க எப்பவும் அப்படித்தான் கேப்பீங்களாம்."

லிங்கேஸ்வரன் பையை வாங்கவில்லை. பையன் கண்ணில் கோபத்தைத் தேடினார், இல்லை. இத்தனைக்குப் பிறகும் அவர் வாயில் முதலில் வந்தது மன்னிப்பு அல்ல.

"ஆரிட்டயும் சொன்னீரோ?"

"வர்ற வழியில தலைவர்கிட்டச் சொன்னேன் அங்கிள். அவர் சிரிச்சார். அந்தக் கடையிலதான் அவரும் நண்டு வாங்குவாராம். எல்லாருக்கும் முதல்லேர்ந்தே தெரியுமாம். சும்மா வர்ற மீனை எதுக்குக் கெடுக்கணும்னு இருந்தாங்களாம். ஓட்டையைச் சுத்திப் பாசி இருந்ததைக்கூட அன்னைக்கே எல்லாரும் பாத்துட்டாங்களாம். பயத்துல நான் ஒருத்தன்தான் பாக்கலை."

"பிறகு ஏன் அவையள் உம்மை..."

"நானும் அதைத்தான் கேட்டேன். நாலு பேர் முன்னாடி உங்க மானம் போயிடக்கூடாதில்லையா, யார் தலையிலாவது போடணுமேன்னார். நான் புதுசு அங்கிள்."

லிங்கேஸ்வரன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். மூன்றாம் வரிசைக் கதிரை, போட் லிங்கம் என்ற பெயர், பொன்னாடை, தலைவர் முதுகில் தட்டியது. எல்லாம் தெரிந்தே கொடுத்தவை; மீனுக்கு மீன்விலை. ஒருநாளும் இருந்திராத ஒரு மரியாதையைக் காப்பாற்றவா இந்தப் பிள்ளையைக் கதிரை அடுக்க விட்டோம் என்று நினைத்தபோது, முதல்முறையாக அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"தம்பி, வாற கூட்டத்தில நான் எழும்பிச் சொல்லுறன்," என்றார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதை யாருக்குச் சொல்லப்போறீங்க அங்கிள்?"

பின்னால் விக்னேஸ்வரி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உள்ளே வாங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம் என்று அவனை அழைத்துவந்து குசினி மேசையில் இருத்தினாள். மீன்பையை வாங்கிப் புருஷன் கையில் திணித்து, இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"நீங்களே குடலை எடுங்கோ. இவ்வளவு காலமும் ஊரார்தானே எடுத்தவை."

அத்தனை வருஷத்தில் எத்தனை ஸ்னாப்பர் வாங்கியிருப்பாரோ, ஒன்றைக்கூட அவர் வெட்டியதில்லை. எங்கே கத்தியை வைப்பது என்று தெரியாமல் கழுவுதொட்டியடியில் நின்றார். யன்னலுக்கு வெளியே கற்களின்மேல் கிடந்த படகு, ஓட்டையை அவர் பக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தது. செதில் அவர் சட்டையெல்லாம் தெறித்தது. மேசையிலிருந்து பையன் தேத்தண்ணீர் நல்லாயிருக்கு ஆன்ட்டி என்று சொல்வது கேட்டது.

அடுத்த சனிக்கிழமையும் சுந்தரமூர்த்தி வந்தான், அதே கடை, குடல் எடுக்காத மீன். லிங்கேஸ்வரன் யாரும் சொல்லாமலே கத்தியை எடுத்தார்.